இசையில்லாத நாட்டின் இசை வரலாறு

1754ஆம் ஆண்டு லண்டனில் ஒரு செலவுக் கணக்கு எழுதப்பட்டது. ஆதரவற்ற குழந்தைகளுக்காக தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் நிறுவிய ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற இல்லத்தின் தேவாலயத்தில், இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மெசையா' அந்த ஆண்டும் பாடப்பட்டது. டிக்கெட் விற்ற பணம் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும். ஆனால் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். வயலின்காரர்கள், ஓபோ ஊதியவர்கள், பஸூன்காரர்கள், எக்காளக்காரர்கள், முரசு அடித்தவர், பாடகர்கள் என்று ஆள்வாரியாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று குறித்து வைத்தார்கள். வாத்தியம் வாசித்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். கோரஸ் பாடியவர்கள் சுமார் 20 பேர்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே 'மெசையா' வேறு உருவம் எடுத்திருந்தது. 1859இல், ஹேண்டல் இறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி, லண்டன் கிறிஸ்டல் பேலஸ் கண்ணாடி மாளிகையில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்று பாடினார்கள். வாத்தியக்காரர்களே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்கே நடந்த ஹேண்டல் விழா 1926 வரை நீடித்தது. கடல் அலைபோல எழும்பும் அந்தப் பெருங்குரலே ஹேண்டலின் குரல் என்று பல தலைமுறைகள் நம்பின. பிறகு 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் பழைய கூலிக் கணக்கை எடுத்து விரித்தார்கள். தன் உயிலின் மூலம் ஹேண்டல் அந்த இல்லத்துக்கே விட்டுச்சென்ற இசைப் பிரதிகளையும் அதனோடு ஒப்பிட்டார்கள். 40 வாத்தியம், 20 குரல் என்ற அளவில் மறுபடி வாசித்தபோது, கனத்த திரை விலகியதுபோல ஒவ்வொரு குரலும் தனித்தனியே கேட்டது. இன்று இசைத்தட்டுகளில் கேட்கும் மெலிந்த, விரைவான 'மெசையா' பலவற்றுக்கும் அந்தப் பழைய காகிதமே அத்தாட்சி.

பிரிட்டிஷ் இசையின் வரலாற்றை ஆராய்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். கணக்குப் புத்தகம், உயில், பைண்டிங்குக்குள் ஒட்டியிருக்கும் தோல் ஏடு, கச்சேரி நோட்டீஸ், கோயில் செலவுச் சீட்டு. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தில் கூடி ஒரு மையம் அமைக்கும் நிலை வருவதற்குள், அந்த நாடு தன் இசையைப் பற்றி நெடுங்காலம் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. லண்டனில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் கார்ல் எங்கெல், ஆங்கிலேயருக்குத் தேசிய இசை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்ற கருத்தை 1866இல் வெளிவந்த தன் நூலில் எழுப்பினார். 1914இல் ஆஸ்கர் ஷ்மிட்ஸ் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் இங்கிலாந்தைப் பற்றிய தன் புத்தகத்துக்கு 'இசையில்லாத நாடு' என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர் சுடுசொல்லாக ஒட்டிக்கொண்டது. 1695இல் ஹென்றி பர்செல் இறந்த பிறகு 1890களின் இறுதியில் எட்வர்ட் எல்கர் தலையெடுக்கும் வரை, உலகம் அறிந்த பெரிய இசையமைப்பாளர் ஒருவரும் அந்த மண்ணில் தோன்றவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஹேண்டல் பிறந்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். 1790களில் இரண்டு முறை லண்டன் வந்து புகழும் பொருளும் சேர்த்த ஹைடன் ஆஸ்திரியர். 1846இல் பர்மிங்காமில் முதன்முதலாகப் பாடப்பட்ட 'எலைஜா'வை இயற்றியவர் ஜெர்மானியரான மெண்டல்சன்.

ஆனால் இதே கதையை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். இவர்கள் எல்லாரும் ஏன் லண்டனை நோக்கி வந்தார்கள்? கேட்க ஆள் இருந்தது, கொடுக்கப் பணம் இருந்தது. அரண்மனைக்கும் மாதா கோயிலுக்கும் வெளியே, காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி ஐரோப்பாவில் மிக முன்னதாக வேர்பிடித்த ஊர் லண்டன். 1672 டிசம்பரில் ஜான் பானிஸ்டர் என்ற வயலின்காரர் வைட்ஃபிரையர்ஸ் பகுதியில் இருந்த தன் வீட்டில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் கச்சேரிகள் தொடங்கினார்.

ஆறு ஆண்டுகளில் இன்னும் வியப்பான ஓர் இடம் பிறந்தது. தாமஸ் பிரிட்டன் தெருத்தெருவாகக் கரி விற்றவர். பகலெல்லாம் கரி மூட்டையைத் தோளில் சுமப்பார். கிளார்க்கன்வெல்லில் அவருடைய கரிக்கடைக்கு மேலே தாழ்வான, நீளமான ஒரு பரண் இருந்தது. வெளிப்பக்கமாகப் போட்ட படிக்கட்டில் ஏறித்தான் அதற்குள் போக முடியும். 1678 முதல் 1714இல் தான் இறக்கும் வரை அந்தப் பரணில் அவர் கச்சேரி நடத்தினார். பிரபுக்களும் சீமாட்டிகளும் அந்தப் படியில் ஏறி வந்தார்கள். ஹேண்டல் அங்கே வாசித்திருக்கிறார் என்று சொல்வார்கள். பிரிட்டன் இறந்த பின் அவர் சேர்த்து வைத்திருந்த இசைப் புத்தகங்களும் வாத்தியங்களும் ஏலத்துக்கு வந்தன. அந்த ஏலப் பட்டியல்தான், ஒரு கரி வியாபாரியின் பரணில் என்னென்ன இசை ஒலித்திருக்கும் என்பதை இன்றைய ஆய்வாளருக்குக் காட்டுகிறது. பெரிய இசையமைப்பாளர் எத்தனை பேர் என்று எண்ணுகிறவருக்கு பிரிட்டன் கணக்கில் வரமாட்டார். யார் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள் என்று தேடுகிறவருக்கு அவர் பெரிய புதையல்.

இசைக்கு வரலாறு எழுதும் ஆசை இங்கிலாந்தில் பழையது. 1776 என்ற ஒரே ஆண்டில் இரண்டு பேர் வரலாற்று நூல் வெளியிட்டார்கள். நீதிபதியாக இருந்த சர் ஜான் ஹாக்கின்ஸ் ஐந்து தொகுதிகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தார். இசை ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான சார்லஸ் பர்னி முதல் தொகுதியை மட்டும் வெளியிட்டு, நான்காவதை 1789இல் முடித்தார். ஹாக்கின்ஸுக்குப் பழைய இசை மேல் பக்தி. பர்னிக்குத் தன் காலத்து இசைதான் உச்சம். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி என்று வண்டி கட்டிக்கொண்டு சுற்றி, பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் நேரில் கண்டு எழுதியவர் அவர். விற்பனையில் வென்றதும் பர்னிதான்.

அடுத்த பெரிய முயற்சி ஒரு பொறியாளரிடமிருந்து வந்தது. ஜார்ஜ் குரோவ் மேற்கிந்தியத் தீவுகளில் வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கம் கட்டியவர். பின்னர் கிறிஸ்டல் பேலஸின் செயலாளராகி, அங்கே நடந்த கச்சேரிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதத் தொடங்கினார். 1867இல் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனோடு வியன்னா போய், ஷூபர்ட்டின் 'ரோசமுண்டே' இசைப் பிரதிகளைத் தூசு படிந்த அலமாரியிலிருந்து மீட்டெடுத்தார். அந்த மனிதர் தொகுத்த இசை அகராதி 1879 முதல் 1889 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. 1883இல் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. அவர் பெயர் தாங்கிய அகராதி 1980இல் 20 தொகுதிகளாகவும் 2001இல் 29 தொகுதிகளாகவும் விரிந்தது. இன்று இசை ஆராய்ச்சிக்கு உட்காரும் எவரும் முதலில் திறப்பது அதைத்தான்.

பல்கலைக்கழகங்கள் இந்தப் பணிக்கு மெதுவாகத்தான் வந்தன. பட்டம் கொடுப்பதில் மட்டும் தாமதம் இல்லை. கேம்பிரிட்ஜ் 1464இலேயே ஹென்றி அபிங்டனுக்கு இசை இளநிலைப் பட்டம் தந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஹெதர் 1626இல் ஓர் இசைப் பேராசிரியர் பதவிக்கு நிதி வைத்தார். ஆனால் பல நூற்றாண்டுகள் வரை இசைப் பட்டம் வாங்க அங்கே தங்கிப் படிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. சொந்தமாக ஒரு இசைப் படைப்பை எழுதிச் சமர்ப்பித்தால் போதும். 1905இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் தன் முதல் இசைப் பேராசிரியராக எல்கரை அழைத்தது. அவர் எந்தக் கல்லூரியிலும் இசை படித்தவர் அல்லர். வூஸ்டரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவரின் மகன். இருபதுகளில், பவிக் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் ஊழியர்கள் வாசித்த பேண்டுக்கு நடத்துநராக இருந்து, அவர்களுக்கு நடன இசை எழுதிக்கொடுத்தவர். ஆங்கில இசையின் எதிர்காலம் என்பதே அவருடைய முதல் சொற்பொழிவின் பொருள்.

கடந்த காலத்தைத் தேடுவோர் முன்னால் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தார். அதையடுத்து வந்த மதச் சீர்திருத்தத்தில் லத்தீன் வழிபாட்டுப் புத்தகங்கள் மதிப்பிழந்தன. ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் எழுதிய இசை ஏடுகளைக் கிழித்து, வேறு புத்தகங்களின் அட்டைக்கு வலுவூட்ட ஒட்டினார்கள். வூஸ்டர் பேராலயத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பல குரல்களில் பாடிய இசை நம் காலம் வரை வந்து சேர்ந்த விதமே அதுதான். பிற்காலப் பைண்டர்கள் அட்டைக்குள் வைத்துத் தைத்த துண்டுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சேர்த்தார்கள். ஒரு குரலின் பாதி ஒரு நூலகத்திலும் மீதிப் பாதி இன்னொரு நூலகத்திலும் கிடந்தது. 'வூஸ்டர் துண்டுகள்' என்றே அந்தத் தொகுப்புக்குப் பெயர்.

ஈட்டன் கல்லூரியில் 1500ஐ ஒட்டி எழுதிய பாடகர் புத்தகம் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. பாடகர் குழு முழுவதும் ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்று பார்த்துப் பாடும்படி பெரிய எழுத்தில் எழுதியது. 224 ஏடுகளில் 126 மிஞ்சியிருக்கின்றன. பொருளடக்கப் பக்கமும் தப்பியதால், தொலைந்த பாடல்களின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போன உறவினர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதுபோல இருக்கிறது அந்தப் பக்கம்.

அச்சு வந்த பிறகும் துப்பறியும் வேலை குறையவில்லை. 1575இல் முதலாம் எலிசபெத் ராணி, இசை அச்சிடும் உரிமையை 21 ஆண்டுகளுக்கு தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட் என்ற இசையமைப்பாளர் இருவருக்கும் தனியுரிமையாக வழங்கினார். சுரக்கோடு போட்ட வெற்றுத்தாள் விற்பதற்குக்கூட அவர்களுடைய அனுமதி வேண்டும். நன்றிக்கடனாக இருவரும் அதே ஆண்டில் ராணிக்கு அர்ப்பணித்த நூலில் ஆளுக்கு 17 என்று 34 லத்தீன் பாடல்கள். அது ராணி அரியணை ஏறிய 17ஆம் ஆண்டு. புத்தகம் விற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நஷ்டத்தைச் சொல்லி ராணியிடம் உதவி கேட்டு மனு போட்டார்கள்.

பேர்ட் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் நாட்டில் கத்தோலிக்கப் பூசை செய்வதே குற்றம். ஆனாலும் 1590களில் பூசைக்கான மூன்று இசைப் படைப்புகளை அச்சிட்டார். தலைப்புப் பக்கம் இல்லை, அச்சகத்தின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றின் சரியான ஆண்டு தெரியாமல் இருந்தது. 1966இல் பீட்டர் குளூலோ என்ற ஆய்வாளர் அந்தப் பக்கங்களின் முதலெழுத்துகளைப் பார்த்தார். பாடல் தொடங்கும் இடத்தில் அலங்காரமாக அச்சிட்ட பெரிய எழுத்துகள் அவை. மரக்கட்டையில் செதுக்கிய அச்சுகள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும், ஓரம் உடையும், கோடு விரியும். அதே அச்சகத்திலிருந்து ஆண்டு குறிப்பிட்டு வந்த வேறு புத்தகங்களில் அதே கட்டைகள் எந்த அளவுக்குத் தேய்ந்திருந்தன என்று வரிசைப்படுத்தினார். நான்கு குரல் பூசை 1592-93, மூன்று குரல் 1593-94, ஐந்து குரல் 1594-95 என்று முடிவு கிடைத்தது. மறைத்து வைக்க நினைத்தவர்கள் எல்லாவற்றையும் மறைத்தார்கள், மரக்கட்டையின் தேய்மானத்தைத் தவிர.

மீட்ட இசையை அச்சில் நிலைநிறுத்தும் வேலை 20ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. 1922 முதல் 1929 வரை, கார்னகி அறக்கட்டளையின் நிதியில் டியூடர் காலத் தேவாலய இசை பத்துத் தொகுதிகளாக வந்தது. 1951இல், போரின் காயம் ஆறாத நாட்டைத் தேற்ற நடந்த பிரிட்டன் திருவிழாவை ஒட்டி, ராயல் மியூசிக்கல் அசோசியேஷன் 'மியூசிகா பிரிட்டானிக்கா' வரிசையைத் தொடங்கியது. அந்த வரிசை நூறு தொகுதிகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

ஏட்டில் இல்லாத இசையை என்ன செய்வது? 1903இல் செசில் ஷார்ப் என்ற லண்டன் இசை ஆசிரியர், சாமர்செட் மாவட்டத்தின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் நண்பரான பாதிரியாரின் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்தில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் புல்வெட்டிக்கொண்டே தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்தார். ஷார்ப் நோட்டுப் புத்தகத்தை எடுத்து மெட்டை எழுதிக்கொண்டார். அன்று மாலையே அதற்குப் பியானோ இசை சேர்த்து அரங்கேற்றிவிட்டார். அந்த நாளிலிருந்து 1924இல் இறக்கும் வரை அவர் சேகரித்த மெட்டுகள் ஐயாயிரத்தை ஒட்டி வரும். 1916 முதல் 1918 வரை மாட் கார்ப்பலிஸோடு அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக் கிராமங்களில் நடந்தே திரிந்து, குடியேறிய ஆங்கிலேய, ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்த பாட்டுகளையும் எழுதி வந்தார்.

அதே காலத்தில் இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் லிங்கன்ஷயரில் மெழுகு உருளைப் போனோகிராஃப் பெட்டியோடு அலைந்தார். பண்ணை மேற்பார்வையாளராக இருந்த ஜோசஃப் டெய்லர் என்ற முதியவரின் குரலை 1906இல் பதிவுசெய்தார். 1908இல் கிராமஃபோன் கம்பெனி அதே முதியவரை லண்டனுக்கு அழைத்து இசைத்தட்டு போட்டது. பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்ட கிரெய்ஞ்சருக்கு ஒன்று புரிந்தது: டெய்லர் எந்தச் சரணத்தையும் முந்தியதைப் போலவே பாடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு அசைவு, ஒரு நெளிவு, ஒரு தாமதம். அதையெல்லாம் அவர் அப்படியே சுரத்தில் எழுத, நாட்டுப்பாடல் சங்கத்துப் பெரியவர்களுக்கு அது அத்தனை உவப்பாக இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு பாட்டுக்கு ஒரு சுத்தமான மெட்டு.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஷார்ப்பையும் விட்டுவைக்கவில்லை. கிராமத்துக் கிழவர்கள் அவரிடம் பாடிய பழைய பாட்டுகளோடு, சந்தையில் அச்சிட்டு விற்ற பாட்டையும் மியூசிக் ஹாலில் கேட்ட பாட்டையும் சேர்த்தேதான் அன்றாடம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவற்றை அவர் எழுதவில்லை. ஆலைத் தொழிலாளர் நகரங்களுக்கு அவர் அதிகம் போகவும் இல்லை.

அங்கேயும் இசை பெருகி வழிந்துகொண்டிருந்தது. யார்க்ஷயரின் குவீன்ஸ்பரியில் பிளாக் டைக் மில் முதலாளி ஜான் ஃபாஸ்டர் 1855இல் தன் தொழிலாளர்களுக்கு ஒரு பித்தளை பேண்ட் அமைத்துக் கொடுத்து, தன் ஆலைத் துணியிலேயே சீருடையும் தைத்துத் தந்தார். பிளாக் டைக் பேண்ட் இன்றும் வாசிக்கிறது. மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் 1853 முதல் பேண்ட் போட்டி நடந்தது. சுரங்கத்திலும் தறியிலும் வேலை முடித்து, கை கழுவிவிட்டு கார்னெட் எடுத்தவர்கள் அந்தப் போட்டிகளில் இத்தாலிய ஆபரா இசையை வாசித்தார்கள்.

பாடுவோருக்கு வேறொரு கருவி கிடைத்தது. நாரிச் நகரில் பள்ளி நடத்திய சாரா குளோவர் என்ற பெண்மணி, குழந்தைகள் எளிதாகப் பாட எழுத்துகளால் ஒரு சுர முறை வகுத்தார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் 1840களில் அதைச் செப்பனிட்டு டானிக் சோல்ஃபா என்று பரப்பினார். ஐந்து கோடும் கரும்புள்ளியும் தேவையில்லை. நம் ச ரி க ம போல வெறும் எழுத்துகள். சாதாரண அச்சகத்தில் சல்லிசாக அடிக்கலாம். ஆலைத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் ஹேண்டலின் கோரஸைக் கையில் பிடித்துப் பாட முடிந்தது அதனால்தான். மிஷனரிகள் அதைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் கொண்டுபோனார்கள். 1897இல் தென்னாப்பிரிக்காவின் மிஷன் பள்ளி ஆசிரியர் ஈனோக் சொண்டோங்கா, பின்னாளில் அந்த நாட்டின் தேசிய கீதத்தில் இடம்பெற்ற பாடலை எழுதியது டானிக் சோல்ஃபாவில்தான்.

இத்தனை இழைகளும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்ட இடங்களில் ஒன்று பிரிஸ்டல். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழக இசைத்துறையில் ஒரு மையம் உருவானது. பிரிட்டன், அதன் சாம்ராஜ்யம், காமன்வெல்த் ஆகியவற்றின் இசை வரலாற்று ஆய்வு மையம் என்பது அதன் நீண்ட பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சோம்பெக்' என்பார்கள். அதன் பின்னால் நின்றவர் பேராசிரியர் ஸ்டீபன் பேன்ஃபீல்டு. 20ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கலைப்பாடல்களைப் பற்றியும் இசையமைப்பாளர் ஜெரால்ட் ஃபின்சியைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியவர். பெயரிலேயே சாம்ராஜ்யத்தைச் சேர்த்ததில் மையத்தின் கொள்கை அடங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் இசை டோவர் கரையோடு முடிந்துவிடவில்லை என்பதை ஒரு பல்கலைக்கழகம் பெயர்ப்பலகையில் எழுதி வைத்தது.

அந்த இசைத்துறை குடியிருக்கும் விக்டோரியா ரூம்ஸ் கட்டடமே ஒரு வரலாற்றுப் பாடம். விக்டோரியா ராணியின் 19ஆம் பிறந்தநாளான 1838 மே 24 அன்று அடிக்கல் நாட்டி 1842இல் திறந்தார்கள். முகப்பில் கிரேக்கக் கோயில்போல உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும். ஸ்வீடன் நாட்டுக் குயிலான ஜென்னி லிண்ட் அங்கே பாடினார். சார்லஸ் டிக்கன்ஸ் தன் கதைகளை வாசித்தார். 1920இல் வில்ஸ் குடும்பத்தின் கொடையால் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, மாணவர் சங்கக் கட்டடமாகப் பல்லாண்டு இருந்து, 1996இல் இசைத்துறையின் வீடானது.

ஊரின் இசைக்கணக்கும் சிறிதல்ல. மெதடிஸ்ட் இயக்கத்துக்காக ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களை எழுதிய சார்லஸ் வெஸ்லி இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது இங்கே. அவர் மகன் சாமுவேல் 1766இல் இங்கே பிறந்து, பின்னாளில் பாக்கின் இசையை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முன்னவர் ஆனார். 1837இல் தொடங்கிய பிரிஸ்டல் மாட்ரிகல் சங்கம், எலிசபெத் காலத்துக் குரலிசையை மறதியிலிருந்து மீட்டுப் பாடியது. 1920 டிசம்பர் 15 அன்று நகரின் விளிம்பிலுள்ள ஷயர்ஹாம்ப்டன் பொது மண்டபத்தில், உள்ளூர் பாடகர் சங்கத்தின் கச்சேரியில், மேரி ஹால் வயலினிலும் ஒரு பியானோவிலுமாக வான் வில்லியம்ஸின் 'லார்க் அசெண்டிங்' முதன்முதலாக ஒலித்தது. இன்று உலகெங்கும் கேட்கும் அந்த வானம்பாடி இசைக்கு, லண்டனின் பெரிய அரங்கு எதுவும் பிறந்தகம் அன்று. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிற்றூர் மண்டபம்.

மையத்தின் நோக்கு இத்தகைய இடங்களின் பக்கமே சாய்ந்தது. பேன்ஃபீல்டு 2018இல் இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டாரத்தின் இசை வாழ்வைப் பற்றி ஒரு பெரும் நூல் வெளியிட்டார். அப்படிப்பட்ட வரலாற்றில் நாயகர்கள் வேறு. நகராட்சி சம்பளம் கொடுத்து, அங்கியும் வெள்ளிச் சின்னமும் அணிவித்து வைத்திருந்த 'வெயிட்ஸ்' என்ற ஊர் வாத்தியக்காரர்கள் அதில் வருவார்கள். திருவிழாவிலும் மேயர் ஊர்வலத்திலும் ஷாம் என்ற நாயனம் ஊதியவர்கள் அவர்கள். 1835இன் நகராட்சிச் சட்டம் அந்த வேலையையே ஒழித்துவிட்டது. கிராமத்து மாதா கோயிலின் மேற்குப் பரணில் உட்கார்ந்து வயலினும் செல்லோவும் வாசித்த தச்சர்களும் செருப்புத் தைப்பவர்களும் வருவார்கள். கோயில் கணக்கில் மெழுகுவத்திச் செலவுக்கும் மணிக்கயிற்றுச் செலவுக்கும் நடுவே, செல்லோவுக்கு நரம்பு வாங்கிய வரவுசெலவு ஒரு வரியாகக் கிடக்கும். அந்த வரி நின்று, ஆர்கன் வாங்கிய செலவு தொடங்கும் ஆண்டில் ஒரு வாத்தியக் குழு கலைந்துபோனது என்று புரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் அப்பாவும் டார்செட்டில் அப்படி வாசித்தவர்கள். அந்தப் பரண் வாத்தியக்காரர்கள் ஆர்கனுக்கு இடம்விட்டுப் போன கதையை அவர் 1872இல் நாவலாகவே எழுதினார்.

பிரிஸ்டலில் சாம்ராஜ்யத்தை ஆராய்வதற்கு வேறு பொருளும் உண்டு. அந்தத் துறைமுகம் 18ஆம் நூற்றாண்டில் கொழித்தது அடிமை வியாபாரத்தில். ராயல் ஆஃப்ரிக்கன் கம்பெனியின் உயர்பதவியில் இருந்த எட்வர்ட் கோல்ஸ்டனின் பெயரை நகரின் பெரிய கச்சேரி மண்டபம் 1867 முதல் சுமந்தது. நெடிய எதிர்ப்புக்குப் பிறகு, கோல்ஸ்டன் சிலையை மக்கள் கவிழ்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளிய 2020ஆம் ஆண்டில், மண்டபத்தின் பெயர் பிரிஸ்டல் பீக்கன் என்று மாறியது. அதே கம்பெனியின் பங்குகளை ஹேண்டலும் வைத்திருந்தார் என்பதை ஆய்வாளர் டேவிட் ஹன்டர் பங்கு மாற்றப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். அனாதைக் குழந்தைகளுக்கு 'மெசையா'வைக் கொடுத்த அதே கையின் எழுத்து அடிமைக் கம்பெனியின் ஏட்டிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைப்பது ஆய்வாளரின் கடமை.

சாம்ராஜ்யத்தின் கப்பல்கள் இசையை எங்கெங்கோ இறக்கின. லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வுகள் கடல் கடந்து நடந்தன. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, அந்தத் தேர்வெழுதி கிளாசிகல் கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கியதைத் தமிழர்கள் அறிவார்கள். ஆனால் மிகப் பழைய கதை சென்னைக் கோட்டையில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தது. அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷி. அந்தத் தொடர்பில் ராமஸ்வாமியின் மகன்களான தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேய பேண்ட் கேட்டார்கள். ராணுவ நடை மெட்டுகள், ஐரிஷ், ஸ்காட்லாந்து நடன மெட்டுகள் எல்லாம் முத்துஸ்வாமி தீட்சிதரின் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டு ஸ்வரம்' என்று நாம் சொல்லும் அந்தப் பாடல்கள் சுமார் 40. சங்கராபரணச் சுரங்களில், கமகம் இல்லாமல், நேராக நடக்கும் பாடல்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடலின் மெட்டு, 1745இல் லண்டன் டிரூரி லேன் நாடக அரங்கில் பாடப்பட்டுப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டேதான். மன்னரை வாழ்த்திய மெட்டில் தேவியை வணங்கினார் தீட்சிதர்.

கோட்டைக்குள் எந்தெந்த மெட்டுகள் ஒலித்தன என்பதற்கு பேண்டுகாரர்களின் தாள்களைத் தேடும் ஆய்வாளர்களுக்கு, கர்நாடக இசைக்காரர்களின் மனப்பாடம் ஓர் ஆவணக் காப்பகமாக நிற்கிறது. லண்டனில் அச்சிட்ட பழைய நடனத் தொகுப்புகளையும் தீட்சிதர் பரம்பரையின் சாகித்தியங்களையும் அருகருகே வைத்துப் பாடிப் பார்த்துத்தான் பல மெட்டுகளுக்கு மூலம் கண்டார்கள்.

போக்குவரத்து அதோடு நிற்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார், கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பில் எழுதி அச்சிட முனைந்தார். அதற்காக அவர் பாடங்கேட்டது பாலுஸ்வாமி தீட்சிதரின் பேரன் சுப்பராம தீட்சிதரிடம். பரம்பரைச் சொத்தாகக் காத்துவந்த பாடல்களை அச்சில் தரவேண்டும் என்று முதலியார் ஓயாமல் வற்புறுத்தியதும், 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' பிறக்க ஒரு காரணம்.

அந்த பாலுஸ்வாமிதான் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. கோட்டையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக அதை எடுத்துச் சென்றவர். லண்டனில் பானிஸ்டர் நின்றுகொண்டு வாசித்த வாத்தியம் தமிழ்நாட்டில் தரையில் அமர்ந்தது. தலைப்பகுதி வலது பாதத்தில் ஊன்ற, அடிப்பகுதி நெஞ்சில் சாய, தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்ந்தன. மரமும் தந்தியும் வில்லும் அப்படியே இருக்க, இடதுகை விரல்கள் மட்டும் தந்தியின் மேல் வழுக்கத் தொடங்கின.